சி2சி12 மயோட்யூபில் சிப்: ஹிஸ்டோன் வருது, மயோடி வரவே இல்லை

வண்ணார்பேட்டை_பயோ:

வணக்கம். சி2சி12 செல்லை (மவுஸ் தசை முன்னோடி செல், அதாவது மயோபிளாஸ்ட்) மயோட்யூபா (பல உட்கரு உள்ள தசை நார்) மாத்தி, மயோஜெனின் ஜீனோட புரோமோட்டரில் மயோடி (தசை ஜீன்களை இயக்குற புரோட்டீன்) உட்கார்றதை சிப்-கியூபிசிஆரில் (புரோட்டீனை ஆன்டிபாடியால இழுத்து, கூட வர்ற டிஎன்ஏயை அளக்கிற முறை) காட்டணும். லேபில் சீனியர் எழுதி வச்ச புரோட்டோகால் இது. மார்கழியில் இதே முறையில் நல்ல ரிசல்ட் வந்ததுக்கு நோட்டில் ஆதாரம் இருக்கு. இப்போ சித்திரையில் சுத்தமா வரலை. செய்முறையை அப்படியே போடுறேன்:

10 செ.மீ. தட்டு, 2 சதவீத குதிரை சீரத்தில் 4 நாள். மீடியத்திலேயே 37 சதவீத ஃபார்மால்டிஹைடை 10 மில்லிக்கு 270 மைக்ரோலிட்டர் ஊத்தி, அறை வெப்பநிலையில் 10 நிமிடம். 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம். குளிர்ந்த பிபிஎஸ் ரெண்டு தடவை, சுரண்டி எடுத்து, தட்டுக்கு 400 மைக்ரோலிட்டர் 1 சதவீத எஸ்டிஎஸ் லைசிஸ் பஃபர். புரோப் சோனிகேட்டரில் 10 வினாடி ஓட்டம், 30 வினாடி ஓய்வு, 12 சுற்று, ஐஸ் மேல். டைல்யூஷன் பஃபரில் 5 மடங்கு நீர்த்து, ஒரு தட்டு அளவுக்கு 2 மைக்ரோகிராம் மயோடி ஆன்டிபாடி (எலி, அதாவது மவுஸ், மோனோகுளோனல், 5.8ஏ குளோன்), இரவு முழுக்க 4 டிகிரி, 20 மைக்ரோலிட்டர் புரோட்டீன் ஏ காந்த மணி (ஆன்டிபாடியைப் பிடிச்சு இழுக்கிறது). கழுவல் எல்லாம் வழக்கம்போல.

ஜெல்லில் டிஎன்ஏ 800 முதல் 3000 பேஸ் ஜோடி வரை இழுவிக் கிடக்கு. கியூபிசிஆரில் 1 சதவீத இன்புட் (ஆன்டிபாடி போடாம எடுத்து வச்ச பங்கு) சிடி (சிக்னல் தெரியுற சுற்று எண்) 24.1, மயோடி 30.9, ஐஜிஜி (எதையும் குறிவைக்காத கன்ட்ரோல் ஆன்டிபாடி) 31.2. ஜீனே இல்லாத ஓர் இடத்தை நெகட்டிவா வச்சேன்: அங்கே இன்புட் 24.3, மயோடி 31.0. ஆனா எச்3கே4மீ3 (இயங்குற புரோமோட்டரில் இருக்கிற ஹிஸ்டோன் குறி; முயல் ஆன்டிபாடி) கேப்டிஎச் புரோமோட்டரில் இன்புட்டில் 3 சதவீதம் கிட்ட வருது. அப்போ மணி, பஃபர், கியூபிசிஆர் எல்லாம் சரின்னுதானே அர்த்தம்? வெஸ்டர்னில் மயோடி பட்டை அழகா வருது. எங்கே கோளாறு?

பாளை_குரோமட்டின்:

மார்கழியில் வந்தது, சித்திரையில் வரலைன்னு நீங்களே எழுதிட்டீங்க. முதல்ல அந்த "அறை வெப்பநிலை"யைப் பாக்கணும்.

புரோட்டோகாலில் அறை வெப்பநிலைன்னா 20-லிருந்து 25 டிகிரி. எழுதினவங்க ஊர் அப்படி. ஏசி ஓடாத நம்ம லேபில் அக்னி நட்சத்திரத்துக்கு மேஜை மேல 34, 35 டிகிரி நிக்கும். வேதி வினை 10 டிகிரி கூடினா ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகமாகும்கிறது தோராயக் கணக்கு. உங்க 10 நிமிடம் வேற ஊரில் 20 நிமிடத்துக்குச் சமம்னு வச்சுக்கோங்க. ஃபார்மால்டிஹைடு குறுக்குப் பிணைப்பு அதிகமானா ரெண்டு காரியம் நடக்கும். குரோமட்டின் (டிஎன்ஏயும் புரோட்டீனும் சேர்ந்த கட்டு) இறுகி சோனிகேட்டருக்கு உடையாது. உங்க 3000 பேஸ் ஜோடி அதுதான். அடுத்து, ஃபார்மால்டிஹைடு லைசின் பக்கக்கிளையைத்தான் முதல்ல பிடிக்கும், ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடமே மூடிப்போயிடும். பாலிகுளோனலுக்குப் பல எபிடோப் இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு. மோனோகுளோனலுக்கு ஒரே இடம், அது போனா போச்சு. வெஸ்டர்னில் பட்டை வருதுன்னு சொல்றது இங்க சாட்சி ஆகாது. அங்க புரோட்டீன் பிரிஞ்சு விரிஞ்சு கிடக்கு, பிணைப்பும் இல்லை.

ஹிஸ்டோன் வந்ததை வச்சு ஏமாறக் கூடாது. எச்3கே4மீ3, டிஎன்ஏ நேரடியா சுத்திக் கிடக்கிற ஹிஸ்டோன் புரோட்டீனில் இருக்கிற குறி, எக்கச்சக்கமா இருக்கு. துண்டு பெரிசா இருந்தாலும், பிணைப்பு ஏறக்குறைய இருந்தாலும் அது வந்துடும்.

செய்ய வேண்டியது: பெரிய தெர்மகோல் பெட்டியில் தண்ணி, தெர்மாமீட்டர், கொஞ்சம் கொஞ்சமா ஐஸ் போட்டு 25-ல நிறுத்துங்க. தட்டோட அடி தண்ணியைத் தொடணும், தண்ணி மேல ஓர் உலோகத் தகடு வச்சு அதில் தட்டை வச்சா மிதந்து சாயாது. பிணைப்புக் கரைசலையும் முன்னாடியே 25-க்குக் கொண்டுவந்துடுங்க. மீடியத்தில் ஊத்தாதீங்க. சீரத்திலும் அமினோ அமிலத்திலும் ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் செலவாகும், எவ்வளவுன்னு கணக்குச் சொல்ல முடியாது. பிபிஎஸ்ஸில் கழுவி, பிபிஎஸ்ஸிலேயே 1 சதவீதம் கலந்து ஊத்துங்க. ட்ரிஸ் பஃபர் வேண்டாம், அதோட அமீன் ஃபார்மால்டிஹைடைத் தின்னுடும்.

37 சதவீத பாட்டிலில் மெத்தனால் 10-15 சதவீதம் கலந்திருக்கும், பழசானா அடியில் வெள்ளையா படியும். படிஞ்ச பாட்டிலில் 37 சதவீதம் இல்லை. மெத்தனால் இல்லாத 16 சதவீத ஆம்பூல் கிடைச்சா 10 மில்லி பிபிஎஸ்ஸுக்கு 667 மைக்ரோலிட்டர். திறந்த ஆம்பூலை அடுத்த மாசத்துக்கு வைக்காதீங்க.

25 டிகிரியில் 5, 8, 10 நிமிடம்னு மூணு தட்டு, ஒவ்வொண்ணிலும் 6, 10, 14 சுற்று சோனிகேஷன். ஜெல்லில் 200-லிருந்து 600 பேஸ் ஜோடிக்குள்ள எது விழுதோ அதில் குறைஞ்ச பிணைப்பு, குறைஞ்ச சுற்று உள்ளதை எடுத்துக்கோங்க.

ஜெல் போடுறதுக்கு முன்னாடி பிணைப்பை அவிழ்த்தீங்களா? 50 மைக்ரோலிட்டர் எடுத்து, 200 மில்லிமோலார் உப்பு சேர்த்து 65 டிகிரியில் குறைஞ்சது 4 மணி நேரம், ஆர்என்ஏஸ், அப்புறம் புரோட்டினேஸ் கே, காலமில் சுத்தம் பண்ணி 1.5 சதவீத அகரோஸ். இதைச் செய்யாம நேரா ஏத்தினா நல்லா உடைஞ்ச குரோமட்டினும் மேலேயே நிக்கும். ஒரு குழியில் 500 நானோகிராமுக்கு மேல ஏத்தினாலும் அப்படித்தான்.

சிந்துபூந்துறை:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனா 25 டிகிரிக்குக் கொண்டு வந்தாலும் இந்த சிப் வராது. கேள்வியை இன்னொரு தடவை படிங்க: 5.8ஏ எலி ஐஜிஜி1. மணி புரோட்டீன் ஏ.

எலி ஐஜிஜி1-ஐ புரோட்டீன் ஏ ரொம்ப பலவீனமாத்தான் பிடிக்கும். புரோட்டீன் ஜி நல்லா பிடிக்கும். முயல் ஐஜிஜியை ரெண்டுமே பிடிக்கும். அதனாலதான் எச்3கே4மீ3 வந்தது, மயோடி வரலை. ஹிஸ்டோன் வந்துச்சு, அதனால மணி சரின்னு நீங்க எடுத்த முடிவு முயல் ஆன்டிபாடிக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரே மணியில் ரெண்டு விலங்கோட ஆன்டிபாடி போகும்போது பாசிட்டிவ் கன்ட்ரோலும் அதே விலங்கு, அதே உபவகையா இருக்கணும்.

உங்க எண்ணையே பாருங்க. 1 சதவீத இன்புட்டை 100 சதவீதமாக்க 6.64-ஐக் கழிக்கணும்: 24.1 கழித்தல் 6.64, 17.46. மயோடி 30.9, வித்தியாசம் 13.44 சுற்று, அதாவது இன்புட்டில் 0.009 சதவீதம். ஐஜிஜி 0.007. நெகட்டிவ் இடத்தில் மயோடி 0.0096. மூணும் ஒண்ணுதான், மணியில் சும்மா ஒட்டினது. பிணைப்பு கூடினதால மட்டும் சிக்னல் குறைஞ்சிருந்தா 0.03, 0.05-னு ஏதோ ஒரு மிச்சம் மயோஜெனினில் மட்டும் தெரிஞ்சிருக்கும். இங்க ஆன்டிபாடியே மணியில் ஏறலைன்னுதான் தோணுது. மயோஜெனின் மாதிரி நல்ல இடத்தில் 0.1 முதல் 1 சதவீதம் வரைக்கும், ஐஜிஜியை விட 10 மடங்காவது எதிர்பார்க்கலாம்.

சோதிக்க அரை நாள் போதும். 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடி, 20 மைக்ரோலிட்டர் மணி, உங்க ஐபி (ஆன்டிபாடியால இழுக்கிற கட்டம்) பஃபரிலேயே 1 மணி நேரம். மணியைத் தனியாவும் மேல்திரவத்தைத் தனியாவும் எஸ்டிஎஸ்-பேஜில் ஓட்டி கூமாசி. 50, 25 கிலோடால்டனில் பட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. மேல்திரவத்தில் இருந்தா விஷயம் முடிஞ்சது.

புரோட்டீன் ஜி மணி ஆர்டர் போட்டு வர நாளாகும்னா, முயலில் எடுத்த எலி-எதிர் ஐஜிஜியை (வெஸ்டர்ன் செகண்டரி மாதிரி, ஆனா எச்ஆர்பி ஒட்டாதது) 2 மைக்ரோகிராம் பாலமா போடுங்க. மயோடி ஆன்டிபாடி இரவு முழுக்க, காலையில் பாலம் 1 மணி நேரம், அப்புறம் உங்ககிட்ட இருக்கிற புரோட்டீன் ஏ மணி. ஐஜிஜி கன்ட்ரோலுக்கும் அதே பாலம் போடணும், மறந்துடாதீங்க. 3 மோலார் உப்பும் பிஎச் 9-ம் வச்சா புரோட்டீன் ஏ ஐஜிஜி1-ஐப் பிடிக்கும்னு எங்கயாவது படிப்பீங்க. அது ஆன்டிபாடி சுத்தம் பண்ற வேலைக்கு, சிப்புக்கு இல்லை.

இன்னொண்ணு, 5 மடங்கு நீர்த்தா எஸ்டிஎஸ் 0.2 சதவீதம் நிக்குது. 10 மடங்கு நீர்த்து 0.1-க்குக் கொண்டு வாங்க, ட்ரைட்டான் எக்ஸ்-100 1.1 சதவீதம் இருக்கிற டைல்யூஷன் பஃபரில். சில ஆன்டிபாடி 0.2-ஐத் தாங்கும், எல்லாம் தாங்காது. புது ஆன்டிபாடியில் அந்தச் சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க.

வண்ணார்பேட்டை_பயோ:

மேடம், மணி-ஆன்டிபாடி சோதனை செஞ்சாச்சு. பட்டை முழுக்க மேல்திரவத்தில்தான். சீனியர் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். அப்போ இருந்தது முயல் பாலிகுளோனல், அந்தக் கேட்டலாக் எண் இப்போ விற்பனையில் இல்லை. அதுக்குப் பதிலா வாங்கினதுதான் 5.8ஏ.

அண்ணாச்சி, மேஜை மேல 34 டிகிரி. ஜெல்லுக்கு முன்னாடி பிணைப்பை அவிழ்த்துதான் ஓட்டினேன்.

ரெண்டு கேள்வி பாக்கி. சோனிகேட் பண்ணும்போது நுரை பொங்குது, குழாயும் சூடாகுது. அப்புறம் தட்டில் மயோட்யூப் ஒரு பக்கம் அடர்த்தியா, இன்னொரு பக்கம் ஒத்தை உட்கரு செல்லாவே கிடக்கு. இது சிப்பைப் பாதிக்குமா?

பாளை_குரோமட்டின்:

சிந்துபூந்துறை மேடம் கண்டுபிடிச்சதுதான் முதல் காரணம், ஒத்துக்கிடுதேன். ஆனா 3000 பேஸ் ஜோடி குரோமட்டினோட புரோட்டீன் ஜிக்குப் போனா ரிசல்ட் வரும், அதுக்கு அர்த்தம் இருக்காது. 3000 நீளத் துண்டுன்னா மயோடி ஒன்றரை கிலோபேஸ் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் உங்க பிரைமர் அதை மயோஜெனின் புரோமோட்டர்னு காட்டும். அந்த புரோமோட்டரில் தொடக்கப் புள்ளிக்கு மேலே ஏறத்தாழ 130 பேஸ் ஜோடிக்குள்ளயே ஈ-பாக்ஸும் (மயோடி உட்கார்ற சி-ஏ-என்-என்-டி-ஜி வரிசை) எம்இஎஃப்2-ங்கிற இன்னொரு புரோட்டீன் உட்கார்ற இடமும் நெருங்கிக் கிடக்கு. அந்த நெருக்கத்தைப் பத்திப் பேசணும்னா துண்டு சின்னதா இருக்கணும். ரெண்டையும் சரி பண்ணுங்க.

நுரைக்குக் காரணம் 1 சதவீத எஸ்டிஎஸ். கூடவே புரோப் முனை திரவத்தின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 3 மி.மீ. முனைன்னா 1.5 மில்லி குழாயில் 300-500 மைக்ரோலிட்டர், முனை அடியிலிருந்து 3-5 மி.மீ. உயரத்தில், சுவரைத் தொடாம. ஆம்ப்ளிட்யூடை 20-ல ஆரம்பிச்சு ஓட்டம் தொடங்கின பிறகு 30-க்கு ஏத்துங்க. நுரை வந்துட்டா நிறுத்துங்க. நுரைக்குள்ள ஓடுற சோனிகேட்டர் காத்தைத்தான் உடைக்கும், டிஎன்ஏயை இல்லை. குளிர் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுத்து விட்டு நுரை அடங்கினதும் தொடருங்க.

வெறும் ஐஸ் துண்டில் குழாயைச் சொருகினா சுத்தி ஓட்டை விழுந்து காத்துதான் தொடும். ஐஸும் தண்ணியும் கலந்த கூழ் நல்லா சூட்டை இழுக்கும். ஐஸ் மெஷின் இல்லாத லேபில் மீன் வியாபாரிக்குப் போற ஐஸ் பாரை வாங்கி உடைச்சாலும் போதும், ஆனா அந்தத் தண்ணி குழாய் மூடியைத் தொடக் கூடாது. உப்பு போட்டு இன்னும் குளிர வைக்கிறேன்னு கிளம்பாதீங்க, எஸ்டிஎஸ் வெள்ளையா உறைஞ்சு படியும். ஓய்வு 30 வினாடி இந்த வெயிலுக்குக் காணாது, 60 வைங்க.

மயோட்யூபில் வேற ஒரு தொல்லை. சைட்டோபிளாசம் முழுக்க மயோசின், ஆக்டின். முழுச் செல்லையும் அப்படியே எஸ்டிஎஸ்ஸில் கரைச்சா அது எல்லாம் பிணைப்போட சேர்ந்து கோழை மாதிரி இழுக்கும். மயோபிளாஸ்டில் நல்லா உடையுற அதே நிரல் மயோட்யூபில் உடையாததுக்கு இதுவும் காரணம். பிணைச்ச பிறகு உட்கருவைப் பிரிச்சு எடுங்க: 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் பிஎச் 7.9, 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.5 சதவீத என்பி-40. ஐஸில் 10 நிமிடம். டவுன்ஸ் ஹோமோஜினைசரில் இறுக்கமான பெஸ்டலால 15-20 இடி. ஒரு சொட்டு ட்ரிப்பான் புளூவில் பாருங்க, சைட்டோபிளாசம் ஒட்டாத நீல உட்கரு தெரியணும். 1000 ஜி, 5 நிமிடம், 4 டிகிரி. இந்தப் பஃபரில் பொட்டாசியம் இருக்கு, அதனால மேல்திரவத்தை முழுசா எடுத்துட்டு எஸ்டிஎஸ் ஊத்துங்க. மிச்சம் இருந்தா பொட்டாசியம் டோடெசில் சல்ஃபேட் படிஞ்சு பிசுபிசுன்னு நிக்கும்.

பிஎம்எஸ்எஃப் (புரோட்டீனை வெட்டுற என்சைமைத் தடுக்கிறது) போடுறீங்களா? அதோட ஆயுசு தண்ணியில் ரொம்பக் குறைவு: 25 டிகிரியில் பிஎச் 7-ல அரை ஆயுள் 110 நிமிடம், பிஎச் 8-ல 35 நிமிடம். காலையிலேயே பஃபரில் கலந்து வைக்கிறது வீண். ஊத்துற நேரத்துக்குப் போடணும்.

தச்சநல்லூர்_கல்ச்சர்:

செல் பக்கம் நான் சொல்றேன். ஆமா, பாதிக்கும், நல்லாவே பாதிக்கும்.

குதிரை சீரத்துக்கு மாத்தின சி2சி12 எல்லாமே மயோட்யூபா ஆகிறது இல்லை. ஒரு பங்கு ஒத்தை உட்கருவோட தூங்கிப் போயிடும். ரிசர்வ் செல்னு பேரு, அதில் மயோடி கிட்டத்தட்ட இருக்காது. உங்க தட்டில் பாதி அப்படிக் கிடந்தா இன்புட்டில் அந்த டிஎன்ஏ எல்லாம் சேரும், ஐபியில் சேராது. சதவீதம் பாதியாயிடும். தட்டுக்குத் தட்டு மாறினா எரர் பார் வானத்தைத் தொடும்.

திட்டுத் திட்டா வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் விதைக்கிறதில் இருக்கு. தட்டை வட்டமா சுழட்டினா செல் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கும். முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டணும். ஹூட்டிலேயே 10 நிமிடம் அசையாம வச்சு அப்புறம் இன்குபேட்டருக்கு. 10 செ.மீ. தட்டுக்கு 5 லட்சம் செல் போட்டா ரெண்டு நாளில் 80-90 சதவீதம் நிரம்பும். அப்போ மாத்துங்க. முழுக்க நிரம்பி ஒரு நாள் கழிச்சு மாத்தினா 3-ஆம் நாளே விரிப்பு மாதிரி உரிஞ்சு வரும். 60 சதவீதத்தில் மாத்தினா பக்கத்தில் ஆள் இல்லாம இணையவே இணையாது.

வளர்ப்பு மீடியம் அதிக குளுக்கோஸ் டிஎம்இஎம் (லிட்டருக்கு 4.5 கிராம்), 10 முதல் 20 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்). ஸ்டாக் தட்டை ஒருபோதும் 70 சதவீதத்துக்கு மேல விடாதீங்க. நிரம்பின தட்டில் இணையக்கூடிய செல் இணைஞ்சு போயிடும், அடுத்த பாசேஜுக்குப் போறது எல்லாம் இணைய மறுக்கிற மிச்சம். ரெண்டு மூணு பாசேஜ் இப்படி விட்டா அந்தக் குழாய் செல்லே கெட்டது. பாசேஜ் 15 தாண்டினா புதுக் குழாய் திறங்க.

மாத்துற அன்னைக்கு பிபிஎஸ்ஸில் ரெண்டு தடவை கழுவிட்டு 2 சதவீத குதிரை சீரம் ஊத்துங்க. மிச்சம் இருக்கிற எஃப்பிஎஸ் ஐடி புரோட்டீனை ஏத்தி வைக்கும். அது ஈ12, ஈ47-ஐப் பிடிச்சுக்கிட்டா மயோடிக்கு ஜோடி இல்லை. ஜோடி சேராம ஈ-பாக்ஸில் உறுதியா உட்காராது. குதிரை சீரம் லாட்டுக்கு லாட் மாறும். ரெண்டு லாட் சாம்பிள் வாங்கி இணைவு விகிதம் எண்ணிப் பார்த்துட்டு நல்ல லாட்டை மொத்தமா எடுத்து வைக்கிறதுதான் வழி. எண்ணும்போது எம்எஃப்20 (மயோசினைப் பிடிக்கிற ஆன்டிபாடி) சாயம், டாபி (உட்கருச் சாயம்); மயோசின் ஏறின செல்லில் ரெண்டு அல்லது அதுக்கு மேல உட்கரு இருந்தா அந்த உட்கருக்களை மொத்த உட்கருவால வகுங்க. கண்ணால பார்த்து "நல்லா வந்திருக்கு"ன்னு நோட்டில் எழுதுறது பிரயோஜனப்படாது.

மயோட்யூப் மட்டும் வேணும்னா ரெண்டு வழி. 3-ஆம் நாளிலிருந்து சைட்டோசின் அராபினோசைடு 10 மைக்ரோமோலார், 2 நாள்: பிரியுற செல் சாகும், தூங்குற ரிசர்வ் செல் சாகாது. அதனால எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. 0.05 சதவீத டிரிப்சினை பிபிஎஸ்ஸில் இன்னும் நீர்த்து ஊத்தி மைக்ரோஸ்கோப்பில் பாத்துக்கிட்டே இருங்க. ஒரு நிமிடம், ரெண்டு நிமிடத்தில் நீள மயோட்யூப் ரெண்டு முனையும் சுருங்கி எழும்பும், சின்ன செல் ஒட்டியே கிடக்கும். தட்டிவிட்டு, சீரம் ஊத்தி டிரிப்சினை நிறுத்தி, சேகரிச்சு, குழாயிலேயே பிணைச்சுடலாம். பிணைக்கிறதுக்கு முன்னாடி பிபிஎஸ்ஸில் கழுவி சீரத்தைப் போக்கிடணும்.

குதிரை சீரத்தில் குதிரையோட ஐஜிஜி நிறைய இருக்கு, புரோட்டீன் ஜி அதை இறுக்கிப் பிடிக்கும். இப்போ நீங்க புரோட்டீன் ஜிக்கு மாறப் போறீங்க. மீடியத்திலேயே ஃபார்மால்டிஹைடு ஊத்தினா அந்த ஐஜிஜியும் செல் மேல ஒட்டி உள்ள வரும். பிபிஎஸ்ஸில் மூணு கழுவல், அப்புறம் பிணைப்பு.

கரண்ட் போய் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு இறங்கினா மீடியம் ஊதா அடிக்கும். வகைமாற்றம் நடக்கிற அந்த 4 நாளில் ஒரு மதியம் அப்படிப் போனாலும் தட்டு தட்டா வித்தியாசம் தெரியும். மீடியத்தில் ஹெப்பெஸ் 25 மில்லிமோலார் போட்டு வைங்க, கதவைத் திறக்காதீங்க.

சிந்துபூந்துறை:

ஒரு தட்டுக்கு ஒரு ஐபிங்கிறதும் காணாது. ஹிஸ்டோனுக்குப் போதும். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டருக்கு 1 கோடி உட்கரு, அதாவது ரெண்டு மூணு தட்டு சேர்த்து ஒரு ஐபி. உட்கருவைப் பிரிச்சதும் ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணி, எல்லா மாதிரியிலும் ஒரே எண்ணிக்கையா ஆரம்பிங்க. மயோபிளாஸ்ட் தட்டையும் மயோட்யூப் தட்டையும் தட்டுக் கணக்கில் ஒப்பிட்டா எதுவும் பொருந்தாது.

பாசிட்டிவ் இடமா மயோஜெனின் மட்டும் வைக்காம தசை கிரியேட்டின் கைனேஸ் ஜீனோட என்ஹான்ஸரையும் வைங்க. தொடக்கப் புள்ளிக்கு ஏறத்தாழ 1.1 கிலோபேஸ் மேலே இருக்கு. ஈ-பாக்ஸ், எம்இஎஃப்2, சிஏஆர்ஜி பெட்டி எல்லாம் ஒரே இடத்தில். வகைமாற்றம் ஆன செல்லில் அங்க மயோடி தெளிவா இருக்கும். பிரைமர் துண்டு 80 முதல் 150 பேஸ் ஜோடி, திறன் 90-110 சதவீதம், இன்புட்டை 10, 100, 1000 மடங்கு நீர்த்து சரிவு பாருங்க. நெகட்டிவ் இடம் தேர்வு பண்ணும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: மயோடி மரபணுத்தொகுதி முழுக்க ஆயிரக்கணக்கான இடத்தில் உட்காரும், மயோபிளாஸ்டிலேயே. ஜீன் இல்லாத பாலைன்னு மட்டும் பார்த்து எடுத்தா போதாது, அந்தத் துண்டில் சி-ஏ-என்-என்-டி-ஜி வரிசை ஒண்ணுகூட இல்லைன்னு பார்த்துக்கோங்க.

வண்ணார்பேட்டை_பயோ:

எல்லாருக்கும் நன்றி. பாலம் ஆன்டிபாடி போட்டு, 25 டிகிரியில் 8 நிமிடம், உட்கரு பிரிச்சு செஞ்சதில் மயோஜெனின் 0.21, ஐஜிஜி 0.012, நெகட்டிவ் 0.015. துண்டு 250-500-ல நிக்குது.

கைடு அடுத்து எச்9சி2 செல்லில் கேட்டா4 (இதய ஜீன்களை இயக்குற புரோட்டீன்) பார்க்கச் சொல்றாங்க, "இதயச் செல்தானே"ன்னு. இதே நிரல் போதுமா? அப்புறம், இந்த சித்திரை வெயிலில் லூசிஃபெரேஸ் (ஒளி தர்ற என்சைம்) அளவீடும் ஆடுது, அதுக்கும் இதே காரணமா?

மேலப்பாளையம்_கார்டியோ:

எச்9சி2 ராட் கருவோட இதயத்திலிருந்து வந்தது, 1976-ல் வெளியானது. ஆனா அது துடிக்காது. சீரத்தை 1 சதவீதமா குறைச்சு விட்டா எலும்புத்தசை பக்கம்தான் போகும், மயோஜெனினே ஏறும். இதயப் பக்கம் திருப்பணும்னா 1 சதவீத சீரத்தோட ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம், தினமும் புதுசா, இருட்டில். வெளிச்சம் பட்டா கெட்டுடும், அதனால ஹூட் விளக்கை அணைச்சுட்டு ஊத்துங்க. 10 நானோமோலாரிலிருந்து 1 மைக்ரோமோலார் வரை ஆளாளுக்கு ஒரு அளவு வைக்கிறாங்க. உங்க செல்லில் கார்டியாக் டிரோபோனின் டியும் மயோஜெனினும் சேர்த்து ஆர்டி-கியூபிசிஆரில் பார்த்து, முன்னது ஏறி பின்னது ஏறாத அளவைப் பிடிங்க. அதைக் காட்டாம "இதயச் செல்லில் கேட்டா4"ன்னு எழுதினா ரிவ்யூவர் விடமாட்டார்.

இது ராட் செல், உங்க மவுஸ் பிரைமர் நிறைய இடத்தில் பொருந்தாது. பேரில் ரெண்டுமே எலிங்கிறதால இந்தச் சறுக்கல் அடிக்கடி வருது. கேட்டா4-க்கு என்பிபிஏங்கிற இதய ஜீனோட புரோமோட்டர் நல்ல இடம். கேட்டா4, என்கேஎக்ஸ்2-5, டிபிஎக்ஸ்5 மூணுமே அங்க வரும். இதயத்தில் மயோடி இல்லை, அதை ஒரு நெகட்டிவ் ஆன்டிபாடியாவே வைக்கலாம். எச்9சி2-வில் மயோடி ஐபி எடுத்து சிக்னல் வந்தா செல் எந்தப் பக்கம் போயிருக்குன்னு அதுவே சொல்லிடும்.

முழு இதயத் திசுவுக்குப் போனீங்கன்னா வேற உலகம். கார்டியோமயோசைட் (இதயத் தசைச் செல்) கன அளவில்தான் பெரிசு. வளர்ந்த மவுஸ் இதயத்தில் உட்கருக் கணக்கு எடுத்தா மூணில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் எண்டோதீலியம், ஃபைப்ரோபிளாஸ்ட். உட்கரு உறையில் இருக்கிற பிசிஎம்1 புரோட்டீனை வச்சு கார்டியோமயோசைட் உட்கருவை மட்டும் பிரிச்சு எடுக்கணும். திசுவுக்குள்ள ரத்தத்தோட வந்த எலி ஐஜிஜியும் இருக்கும். புரோட்டீன் ஜி அதையும் பிடிக்கும், அதனால திசுவை பிபிஎஸ்ஸால நல்லா கழுவி, உட்கருவைப் பிரிச்ச பிறகே ஐபி. விலங்கு வேலைக்கு நெறிமுறைக் குழு அனுமதி முதல்ல.

லூசிஃபெரேஸ் ஆடுறதுக்கும் சூடுதான். மின்மினி லூசிஃபெரேஸ் 25 டிகிரிக்குப் பக்கத்தில் நல்லா வேலை செய்யும், 35-ல சீக்கிரம் படுத்துடும். லைசேட் ஐஸில், ரியேஜென்ட் 25-ல, தட்டு லூமினோமீட்டரில் ஏறும்போதும் 25-ல. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் 15 நிமிடம் இடைவெளின்னா கடைசி வரிசை எப்பவும் கம்மியாத்தான் வரும். ரெப்ளிகேட்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காம தட்டு முழுக்கப் பரப்புங்க.

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் இதயத்தசைன்னு ஆரம்பிச்சாலே யாராவது எம்ஒய்பிபிசி3-ங்கிற இதயத்தசை ஜீனில் இருக்கிற 25 பேஸ் ஜோடி நீக்கத்தைக் கேட்பாங்க. 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸில் வந்தது, தெற்காசியாவில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு இருக்கு. கைடு அதையும் சிப்பில் பார்க்கச் சொன்னா மறுத்துடுங்க. அது புரோமோட்டரில் இல்லை, இன்ட்ரான் 32-ல. ஸ்பிளைசிங் மாறி எக்ஸான் 33 விடுபட்டுப் போறதுதான் பிரச்சினை. எக்ஸான் 32-லயும் 34-லயும் பிரைமர் வச்சு ஆர்டி-பிசிஆர், ஜெல்லில் ரெண்டு பட்டை. ராட் செல்லான எச்9சி2-வில் அந்த நீக்கம் கிடையாது, மினிஜீன் (அந்த எக்ஸான், இன்ட்ரான் மட்டும் உள்ள சின்ன ஜீன்) கட்டித்தான் பார்க்கணும்.

பாளை_குரோமட்டின்:

0.21-க்கு 0.012, நல்ல எண். இன்னும் ரெண்டு தனித்தனி வளர்ப்பில் இதே வித்தியாசம் வரணும். ஒரே குரோமட்டினை மூணு ஐபியா பிரிச்சா அது டெக்னிக்கல் ரெப்ளிகேட்தான், மூணுன்னு எழுதிடாதீங்க.

எச்9சி2-வுக்குப் போகும்போது பிணைப்பு நேரத்தை முதல்லேருந்து பிடிங்க, மயோட்யூபோட 8 நிமிடம் அங்க அப்படியே பொருந்தாது. பழைய 3000 பேஸ் ஜோடி குரோமட்டினைக் கொட்டிடாதீங்க. பிணைப்பை அவிழ்த்து சுத்தம் பண்ணினா புது மவுஸ் பிரைமர் திறன் பார்க்க இன்புட் டிஎன்ஏவா ஒரு வருஷம் ஓடும், மைனஸ் 20-ல பங்கு பங்கா போட்டு வைங்க.